வண்டி போகட்டும், நீ மேட்டுப் பக்கம் குதி

குழு: நம்ம வீடு

ஞாயிறு

[மாலை 4:52] அண்ணா: யாரும் பதற வேண்டாம். சரிவில் ஏடிவி, அந்த நாலு சக்கர மலைப்பாதை வண்டி, உருண்டுவிட்டது. நான் எழுந்து நடக்கிறேன். நண்பர் கூடவே இருக்கிறார்.

[4:53] அம்மா: என்னப்பா சொல்கிறாய். எங்கே அடி

[4:53] அம்மா: போனை எடு

[4:55] அண்ணா: இங்கே சிக்னல் விட்டு விட்டு வருகிறது அம்மா, பேசினால் அறுந்துபோகிறது. மெசேஜ்தான் போகிறது. இடது விலாவில் கல் குத்திவிட்டது. மூச்சை இழுத்தால் வலி. வேறு ஒன்றும் இல்லை.

[4:55] அண்ணி: முதலில் லொகேஷன் அனுப்புங்க

[4:56] அண்ணா: அனுப்பியிருக்கிறேன், பார்.

[4:57] பெரியப்பா: வண்டி என்ன ஆச்சு தம்பி?

[4:58] அண்ணா: கீழே ஒரு மரத்தில் முட்டி மல்லாந்து கிடக்கிறது பெரியப்பா. பெட்ரோல் வாடை அடிக்கிறது. இறங்கிப் போய் நிமிர்த்திவிடலாம் என்று பார்க்கிறோம்.

[4:58] மாமா: மாப்பிள்ளை, இறங்காதே. அது முந்நூறு கிலோ சாமான். சரிவில் மல்லாந்து கிடப்பதை ஒரு மரம் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீ தொட்டதும் நழுவினால் இரண்டாவது முறை உருளும், இந்த முறை உன் மேல். பெட்ரோலும் சிந்தியிருக்கிறது. வண்டிக்கு மேலே, கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் உட்காருங்கள்.

[5:01] அக்கா: இப்போதுதான் டியூட்டி முடிந்து பார்த்தேன். கேட்பதற்கு மட்டும் பதில் சொல். நினைவு தப்பியதா? வாந்தி வந்ததா? கழுத்து, நடு முதுகு வலிக்கிறதா? கை கால் மரத்திருக்கிறதா?

[5:03] அண்ணா: எதுவும் இல்லை அக்கா. ஹெல்மெட் போட்டிருந்தேன். இடது தோள்பட்டை மட்டும் கடுக்கிறது. தோளில் அடியே படவில்லை, அதுதான் புரியவில்லை.

[5:03] அக்கா: அடி படாத தோளா? படுத்தால் கூடுகிறதா?

[5:04] அண்ணா: ஆமாம். கொஞ்ச நேரம் சாய்ந்து பார்த்தேன், கூடியது.

[5:04] அக்கா: இனி ஒரு அடி கூட நடக்காதே. இடது விலாவுக்குப் பின்னால்தான் மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்தால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோளின் நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், வயிற்றுக்குள் இருக்கும் கோளாறை மூளை தோள் வலியாகக் காட்டும். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஸ்கேன் பார்த்துத்தான் இல்லை என்று சொல்ல முடியும்.

[5:05] அக்கா: @அண்ணி ஆம்புலன்சுக்குச் சொல். ஏடிவி உருண்டது, விலாவில் அடி, உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம், செங்குத்தான இடம், ஸ்ட்ரெச்சரில் தூக்கி வரணும். இதே வரிசையில் சொல்லு.

[5:06] அண்ணி: பேசிக்கொண்டிருக்கிறேன் அண்ணி

[5:07] அக்கா: தம்பி, போனை நண்பரிடம் கொடு. உன் மணிக்கட்டில் நாடியை எண்ணி எனக்கு அனுப்பச் சொல், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலும், உடம்பு சில்லென்று வியர்த்தாலும், முகம் வெளுத்தாலும், தலை சுற்றினாலும் உடனே ஆம்புலன்சுக்கு மறுபடி சொல்லணும். தண்ணீர் கூடக் குடிக்க வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மேலே எதையாவது போர்த்திக்கொள், அடிபட்ட உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும்.

[5:09] அம்மா: கண்ணா அக்கா சொல்கிறபடி கேளு

[5:10] அண்ணா: (நண்பர் எழுதுகிறேன்) நாடி 96. தெளிவாகப் பேசுகிறார். என் சட்டையைப் போர்த்தியிருக்கிறேன்.

[5:48] அண்ணி: மீட்புக்காரர்கள் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் நேராக மருத்துவமனைக்குப் போகிறேன்.

திங்கள்

[காலை 7:15] அண்ணி: இரவு யாருக்கும் விரிவாக எழுத முடியவில்லை, மன்னிக்கணும். சிடி ஸ்கேனில் இரண்டு விலா எலும்பில் விரிசல், மண்ணீரலில் சின்னக் கிழிசல். அதைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம். நுரையீரலில் ஓட்டை இல்லை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். படுக்கையை விட்டு எழாமல் வைத்து, ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

[7:16] அம்மா: முருகா

[7:20] நான்: அக்கா, கிழிந்திருக்கிறதாமே, தைக்காமலே விட்டுவிடுவார்களா?

[7:26] அக்கா: ஆமாம். ரத்த அழுத்தம் நிலையாக இருந்து கிழிசலும் சின்னதாக இருந்தால் பெரும்பாலும் மண்ணீரல் தானாகவே ஆறும். கிருமிகளை எதிர்க்க அது வேண்டும், அதனால் முடிந்தவரை எடுக்காமல் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அழுத்தம் இறங்கினால் கதை வேறு, அதற்காகத்தான் இந்தக் காவல். பெரியப்பா, யாரும் பார்க்கப் போக வேண்டாம், அவன் பேசாமல் கிடப்பதுதான் மருந்து.

[7:31] பெரியப்பா: சரி அம்மா. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இவ்வளவு அடி பட்டிருக்காதே?

[7:40] மாமா: பிடித்துக்கொண்டே இருந்தால் நாம் இன்று ஸ்கேன் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் அத்தான்.

வியாழன்

[பகல் 11:05] அண்ணா: சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெரியப்பா கேட்டதைப் பார்த்தேன். தட்டச்சு செய்யத் தெம்பு வந்ததும் இதை எழுதணும் என்று வைத்திருந்தேன்.

[11:19] அண்ணா: சரிவுக்குக் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தோம். பள்ளம் எனக்கு வலப் பக்கம், மேடு இடப் பக்கம். உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துத்தான் ஓட்டினேன். இலைச் சருகுக்குள் ஒரு வேர்க்கட்டை, அதில் மேட்டுப் பக்கத்து முன் சக்கரம் ஏறியது. அதே நேரம் பள்ளத்துப் பக்கம் மழையில் ஊறிய மண் புதைந்தது. ஒரு பக்கம் தூக்க, மறு பக்கம் இறங்க, சரிவு அங்கேயே இரண்டு மடங்கு ஆன மாதிரி. முன் சக்கரத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்ப முடிந்தால் வண்டி சரிவோடு நேராகி நிமிரும், அதைத்தான் முதலில் செய்யணும். எனக்கு அந்தப் பக்கம் பாறை, இடமே இல்லை.

[11:24] அண்ணா: ஒரு கட்டத்தில் இருக்கை காலுக்கடியிலிருந்து லேசாகிற மாதிரி தெரியும். அதற்குப் பிறகு வண்டி நம்முடையது இல்லை. கையை விட்டுவிட்டு மேட்டுப் பக்கம் பாய்ந்தேன். வலது காலை இருக்கையைத் தாண்டி இழுக்கும்போது பூட்சின் குதி கால் பலகையில் மாட்டி, பிறகு விட்டது. அந்த ஒரு நொடியில்தான் திரும்பி இடது விலா அடியாகக் கல்லில் விழுந்தேன். வண்டி அந்தப் பக்கம் உருண்டு போனது. நான் பிடித்திருந்தால் என் மேல்தான் உருண்டிருக்கும்.

[11:30] பெரியப்பா: புரிகிறது தம்பி. பிடித்துக்கொள்வதுதான் மனுஷ சுபாவம், அதனால் கேட்டேன்.

[11:38] அக்கா: பெரியப்பா கேட்டது நல்லதுதான், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த மாதிரி விபத்தில் உயிர் போவதற்கு முக்கியக் காரணம் அடி மட்டும் இல்லை. வண்டி நெஞ்சில் படுத்துவிட்டால் எலும்பு ஒன்றும் உடையாமலே மூச்சு முட்டிச் சாகலாம். விலா விரிய இடம் இல்லாமல் போனால் நிமிடக் கணக்குதான். அப்படி யாராவது மாட்டினால் ஆள் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டே, வண்டி நம் மேல் சரியாதபடி பார்த்துக்கொண்டு, நெம்பியோ இழுத்தோ நெஞ்சிலிருந்து பாரத்தை எடுக்கணும். அப்புறம் கழுத்தை ஆட்டாமல் அப்படியே வைக்கணும். மூச்சுக்குத் தடை இல்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

[11:41] தம்பி: அப்படியென்றால் இதில் சீட் பெல்ட் ஏன் வைப்பதில்லை? காரில் இருக்கிறதே

[11:52] மாமா: நல்ல கேள்வி. கார் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று இருக்கிறது, சைடு பை சைடு. அதில் இரும்புக் கூண்டும் பெல்ட்டும் உண்டு. அது உருளும்போது பெல்ட்டோடு உள்ளேயே இருக்கணும், கையைக் காலை வெளியே நீட்டக் கூடாது. பலர் கையால் தரையை ஊன்றப் போய்க் கையை நசுக்கிக்கொள்கிறார்கள். அண்ணன் ஓட்டியது குதிரை மாதிரி கால் போட்டு உட்காருகிற வண்டி. இதில் கூண்டு கிடையாது, உடம்பைச் சாய்த்துத்தான் ஓட்டணும். இதில் பெல்ட் போட்டால் வண்டியோடு சேர்த்துக் கட்டிவிட்ட கதை. இரண்டுக்கும் தப்பிக்கிற வழி நேர் எதிர். எதில் ஏறுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஏறணும்.

[11:58] மாமா: ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் இப்படி நிறைய பேர் இறந்ததால் 2019இல் கட்டாயப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். 2021 அக்டோபரிலிருந்து அங்கே விற்கிற புது குவாட் பைக்கில் (அண்ணன் ஓட்டிய மாதிரி ஏடிவிக்கு அங்கே அதுதான் பெயர்), பொது உபயோக ரகம் என்றால், பின்னால் ஒரு வளைவுக் கம்பி மாதிரியான காப்பு இருக்கணும். கவிழ்ந்தாலும் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் ஆள் நசுங்காமல் கொஞ்சம் இடம் விடுகிற ஏற்பாடு. பக்கவாட்டுச் சரிவில் 28.81 டிகிரிக்குக் கீழே இரண்டு சக்கரத்தில் எழும்பக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் அது வண்டியை ஓட்டாமல் மேடையில் நிறுத்தி, மேடையைச் சாய்த்து அளக்கிற கணக்கு. வேர்க்கட்டையும் ஈர மண்ணும் அந்தக் கணக்கில் வராது. என் வண்டியில் கம்பி மாட்டிவிட்டேன், மாப்பிள்ளை வண்டிக்கும் மாட்டித்தான் கொடுப்பேன்.

[12:03] தம்பி: ஏறும்போது பாதியில் நின்றுவிட்டால்?

[12:14] மாமா: அதுதான் ரொம்ப மோசமான இடம். உடம்பை முன்னால் தள்ளி பிரேக்கைப் பிடித்து நிறுத்து. பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் இறங்கு. பின்னால் உருள ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரைத் தொடாதே. பின் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. பின் சக்கரம் நின்று, மேலே உள்ள கனம் நிற்காமல் வரும், முன்பக்கம் எழும்பி அப்படியே தலைக்கு மேல் வந்து விழும். முன் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடி. நிற்காது என்று தெரிந்தால் இறங்கிவிடு, மேட்டுப் பக்கம். பின் கேரியரில் தண்ணீர் டேங்கோ இன்னொரு ஆளோ இருந்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

[12:16] அம்மா: இவனுக்கு இப்போது எதற்கு இதெல்லாம். இவன் ஓட்டப் போவதில்லை

[12:20] அண்ணா: அம்மா, அவன் ஒருநாள் ஓட்டத்தான் போகிறான். தெரிந்துகொண்டு ஓட்டட்டும்.

அடுத்த மாதம், சனி

[காலை 9:10] நான்: அண்ணா, எப்படி இருக்கிறாய்? அத்தை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

[9:32] அண்ணா: வலி பாதிக்கு மேல் போய்விட்டது. விலாவுக்குக் கட்டு கிடையாது, தெரியுமா? நான் இறுக்கிக் கட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கட்டினால் நெஞ்சு விரியாது, சளி தங்கி நிமோனியா வரும் என்றார்கள். அதற்குப் பதில் மூன்று உருண்டை வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி. பார்க்கிறவர்கள் எல்லாம் ஊது ஊது என்கிறார்கள், ஊதக் கூடாது. மெதுவாக உள்ளே இழுக்கணும், உருண்டை மேலே நிற்கணும். முதல் வாரம் ஒரு உருண்டையே எழவில்லை. இப்போது மூன்றும் நிற்கின்றன.

[9:35] அம்மா: இருமல் வந்தால் தலையணையை அணைத்துக்கொள்கிறான், பார்க்கவே பாவமாக இருக்கும்

[9:37] அண்ணா: அதுவும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான் அம்மா. வலிக்கிற இடத்தில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினால் தாங்க முடிகிறது. வலி மாத்திரையையும் சும்மா நிறுத்தக் கூடாது. வலி இருந்தால் மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவோம், அதுதான் கெடுதல்.

[9:44] அக்கா: விலா சுமார் ஆறு வாரத்தில் கூடிவிடும். மண்ணீரலைத்தான் நீ மறந்துவிடுவாய் என்று பயம், ஏனென்றால் அது வலிக்காது. டாக்டர் சொல்கிறவரை கனம் தூக்காதே, ஓடாதே, விழ வாய்ப்பிருக்கிற எதையும் செய்யாதே. ஆறிக்கொண்டிருக்கும்போது திரும்ப அடிபட்டால் முதல் அடியை விட மோசமாகும். திடீர் வயிற்று வலி, மறுபடி தோள் வலி, மயக்கம் எது வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்கு. வேறு வலி மாத்திரை எதையும் நீயாக வாங்கிப் போடாதே, சிலது ரத்தம் உறைவதைக் குறைக்கும்.

[9:50] அண்ணி: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்துகொள்கிறார். தெருவில் ஏதாவது வண்டி உறுமினால் கை இறுகுகிறது. அவர் இதை இங்கே எழுத மாட்டார்.

[9:58] அக்கா: நல்லவேளை சொன்னாய். அது பலவீனம் இல்லை தம்பி, உடம்பு இன்னும் காவல் காக்கிறது. முதல் சில வாரம் இப்படி இருப்பது சகஜம். ஒரு மாதத்தைத் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல நிபுணரிடம் போகணும், அதற்கென்றே நல்ல சிகிச்சை இருக்கிறது. இந்த வாரமே ஒரு நேரம் வாங்கு. நான் கூட வருகிறேன்.

[10:06] அண்ணா: சரி அக்கா. வருகிறேன்.

[10:15] மாமா: வண்டியை மேலே கொண்டுவந்தாச்சு. வின்ச்சை மேட்டில் ஒரு மரத்தில் கட்டி, கம்பிக் கயிறு போகிற பாதையில் யாரையும் நிற்க விடாமல் இழுத்தோம். உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. மல்லாந்து கிடந்ததில் இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது. அப்படியே செல்ப் அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிச் சுற்றவிட்டு ஆயிலை வெளியேற்றினோம். ஆக்சிலரேட்டர் வயர் ஒரு இடத்தில் மடங்கியிருந்ததால், ஆக்சிலரேட்டரை விட்டாலும் திரும்பாமல் நின்றது, அதை மாற்றணும். ஸ்டியரிங் தண்டும் லேசாக வளைந்திருக்கிறது.

[10:18] அண்ணா: அவசரமே இல்லை மாமா. எப்போது முடிகிறதோ முடியட்டும்.

[10:21] தம்பி: அண்ணா, உன் ஹெல்மெட் என் அறையில் இருக்கிறது. வெளியே ஒரு கீறல்தான், நன்றாகத்தான் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளட்டுமா?

[10:23] அண்ணா: வேண்டாம் டா. வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு தடவை அடி வாங்கினால் நசுங்கிவிடும், திரும்ப உப்பாது. அடுத்த அடியை அது தாங்காது. கத்தரிக்கோல் எடுத்து வாரை அறுத்துவிட்டுக் குப்பையில் போடு. வார் இருந்தால் வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

[10:29] தம்பி: அறுத்துவிட்டேன் அண்ணா.

[10:30] அண்ணா: உனக்குப் புதியது நான் வாங்கித் தருகிறேன். தலை அளவு எடுத்து அனுப்பு, புருவத்துக்குக் கொஞ்சம் மேலே டேப்பைச் சுற்றி.