கொப்பரைக் களத்துக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர்: தூசி, வெயில், தண்ணி மூணும் தாங்கணும்

களத்துமேடு:

வணக்கம்ங்க. பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம். சிமென்ட் தளம் 60 அடிக்கு 40 அடி, நீளப் பக்கம் ஒண்ணுல தகர ஷெட், எதிர்ப்பக்கம் இடுப்பளவு சுவர். காலையில 7 மணியிலிருந்து சாயங்காலம் 5 வரைக்கும் எட்டுப் பேர் வேலை செய்வாங்க: உரிக்கிறது, உடைக்கிறது, பருப்பு காயப்போடுறது. அவங்களுக்குப் பாட்டு கேட்க ஒரு ஸ்பீக்கர் வேணும்.

மஞ்சி, அதாவது தேங்காய் நார்த் தூசி எப்பவும் பறக்கும். களம் கழுவும்போது ஹோஸ் தண்ணி தெறிக்கும். கரண்ட் ஷெட்டுக்குள்ள மட்டும்தான். பட்ஜெட் 15,000 வரைக்கும். மாமா ஒருத்தர் மைக்கோட வர்ற ட்ராலி ஸ்பீக்கர் வாங்குன்னு சொல்றார், அட்டையில 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.ன்னு போட்டிருக்கு. கடைக்காரர் ஐ.பி.எக்ஸ்.7 இருந்தா எதுக்கும் பயமில்லைங்கிறார். எஃப்.எம்., பென்டிரைவ் இருந்தா நல்லது. எதைப் பார்த்து வாங்குறதுங்க?

டெசிபல்:

முதலில் அந்த 5000 வாட்ஸை மறந்துவிடுங்கள். பி.எம்.பி.ஓ.வுக்கு அளவுமுறை என்று எதுவுமே இல்லை, அட்டை அச்சடிப்பவர் நினைத்த எண்தான். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். அதிலும் சந்தேகம் வந்தால் பேட்டரியை வைத்துக் கணக்குப் போடலாம். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 3.7 வோல்ட், 1200 எம்.ஏ.எச். (1.2 ஆம்பியர்-மணி) பேட்டரியில் இருப்பது 4.4 வாட்-மணிதான். அதன் மேல் 50 வாட்ஸ் என்று ஒட்டியிருந்தால், நிஜமாகவே 50 வாட் இழுத்தால் ஐந்தே நிமிடத்தில் அணைந்துவிடும். அப்படி அணைவதில்லை, ஏனென்றால் அந்த 50 அதில் கிடையாது.

நல்ல கம்பெனிப் பெட்டிக்கும் இதே கணக்கு உதவும். ஜே.பி.எல். சார்ஜ் 5-இல் 27 வாட்-மணி பேட்டரி, 40 வாட் ஆம்ப்ளிஃபயர், 20 மணி நேரம் பாடும் என்கிறார்கள். 27ஐ 20ஆல் வகுத்தால் சராசரி 1.35 வாட். அந்த 20 மணி நேரம் என்பது அறைக்குள் மிதமாக வைத்துக் கேட்கிற கணக்கு. களத்தில் முக்கால் சத்தத்துக்கு மேல் போகும், அதில் பாதி நேரம் வந்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜில் போட்டால் 5 மணி வரை தாங்கும்.

அடுத்தது இடம். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 85 டெசிபல் என்றால் 2 மீட்டரில் 79, 4-இல் 73, 8-இல் 67, 16-இல் 61. பக்கத்தில் நின்று பேசுகிற பேச்சுச் சத்தமே ஏறக்குறைய 60. அந்த 6 டெசிபலை வாட்டில் மீட்க வேண்டுமானால் நான்கு மடங்கு வேண்டும்: 10 வாட் இருந்த இடத்தில் 40. இதையே இடம் மாற்றிச் செலவில்லாமல் மீட்கலாம். உங்கள் களத்தின் மூலையில் வைத்தால் எதிர் மூலை 72 அடி, நடுவில் வைத்தால் எந்த மூலையும் 36 அடிதான். சரியாகப் பாதி, அதாவது 6 டெசிபல்.

காயும் பருப்புக்கு நடுவே வைக்க முடியாது, தெரியும். அதனால் என் யோசனை, பெரிதாக ஒன்று வாங்காமல் நடுத்தரத்தில் ஒரே மாடல் இரண்டு. ஒன்று ஷெட்டின் நடுத் தூணில், இன்னொன்று எதிர்ச்சுவரின் நடுவில். அப்போதும் எந்த ஆளும் ஏதாவது ஒரு பெட்டிக்கு 36 அடிக்குள் இருப்பார், பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்த வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே 40 அடி, சுமார் 12 மீட்டர். அந்தத் தூரத்தைச் சத்தம் கடக்க 35 மில்லிசெகண்ட் ஆகும், எதிரொலியாகத் தெரியாது. 25, 30 மீட்டர் தள்ளி வைத்தால் பேச்சு இரட்டையாகக் கேட்கும்.

ஸ்பீக்கர் கம்பெனியின் ஆப்பில் இரண்டையும் இணைக்கும்போது ஸ்டீரியோ என்பதைத் தேர்வு செய்யாதீர்கள், இரண்டிலும் ஒரே ஒலி வரும் பார்ட்டி முறையில் வையுங்கள். பழைய பாட்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் குரல், மறுபக்கம் வயலின் என்று பிரித்திருப்பார்கள். ஷெட்டில் இருப்பவருக்குப் பாட்டும் சுவரோரம் இருப்பவருக்கு வயலினும் போகும்.

சர்வீஸ் டேபிள்:

டெசிபல் அண்ணன் சத்தத்தைச் சொல்லிட்டார், நான் பெட்டி எதனால சாகுதுன்னு சொல்றேன்.

தூசியும் தண்ணியும் உள்ள போகாம எவ்வளவு தடுக்கும்னு சொல்றதுதான் ஐ.பி. எண். அதுல முதல் இலக்கம் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. ஐ.பி.எக்ஸ்.7-ல எக்ஸ்-ன்னா தூசிச் சோதனை குறிப்பிடலைன்னு அர்த்தம். பூஜ்யம்னு இல்லை, ஆனா நம்பிக்கையும் வைக்க முடியாது. மஞ்சித் தூசி பறக்கிற இடத்துக்கு ஐ.பி.67 கட்டாயம். அந்த 6 வாங்க டால்க் தூள் பறக்கிற பெட்டிக்குள்ள வச்சு, உள்ள துளி போகலைன்னு பார்ப்பாங்க.

7-ன்னா நல்ல தண்ணியில ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிஷம். அவ்வளவுதான். ஹோஸ்ல பீய்ச்சுறது வேற சோதனை: 5-க்கு நிமிஷத்துக்கு 12.5 லிட்டர், 6-க்கு 100 லிட்டர். 7 வாங்கினதாலேயே 5, 6 தேறிடுச்சுன்னு கிடையாது, ரெண்டும் தேறினா ரெண்டையும் போடுவாங்க. களம் கழுவுறப்போ ஸ்பீக்கரை எடுத்து உள்ள வச்சிடுங்க, தெறிக்கிறதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

தண்ணி பட்டுச் செத்ததை விட, ஈரத்தோட சார்ஜ் போட்டுச் செத்ததுதான் அதிகம். டைப் சி துளைக்குள்ள ஈரம் இருக்கும்போது 5 வோல்ட் போனா பின்கள் அரிச்சுப் பச்சை பூத்துடும். டார்ச் அடிச்சுப் பாருங்க, நடுவுல இருக்கிற நாக்குல பச்சையோ கறுப்போ தெரிஞ்சா அது இதுதான். தண்ணி பட்டா துளை கீழே பார்க்கிற மாதிரி உள்ளங்கையில தட்டி, நிழல்ல நாலஞ்சு மணி நேரம் வச்சுட்டு அப்புறம் போடுங்க. ஹேர் டிரையர் வேண்டாம், கேஸ்கெட் (தண்ணி புகாம அடைக்கிற ரப்பர்) ஒட்டு இளகும். இளநித் தண்ணி கொட்டினா துடைச்சா மட்டும் பத்தாது, சர்க்கரை வலைத்துணியில ஒட்டி எறும்பைக் கூப்பிடும். குழாயைச் சன்னமாத் திறந்து விட்டு அலசிடுங்க.

ரெண்டு முனையிலயும் துடிக்கிற வட்டம் இருக்கே, அது பாஸிவ் ரேடியேட்டர். உள்ள இருக்கிற ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுறப்போ கூடவே ஆடிப் பேஸ், அதாவது கனமான அடித்தொனி, கொடுக்கும். தண்ணி உள்ள போகாம தடுக்கிற சுவரும் அதேதான். அதைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்க்கிறது எல்லாருக்கும் ஒரு வியாதி. அது கிழிஞ்சா பேஸும் போச்சு, ஐ.பி.யும் போச்சு. உருளை வடிவப் பெட்டியைச் செங்குத்தா சிமென்ட்ல நிறுத்தினா அந்த வட்டம்தான் அடி வாங்கும், படுக்கவே வையுங்க. ராத்திரி குடோன்ல விட்டா எலி முதல்ல கடிக்கிறதும் அந்த ரப்பரைத்தான்.

கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுற வழக்கம் இருந்தா அன்னிக்கு ஸ்பீக்கரை வீட்டுல வச்சிடுங்க. அந்தப் புகை ஈரத்தோட சேர்ந்தா செம்பு காண்டாக்ட் எல்லாத்தையும் அரிக்கும். ஐ.பி. சோதனையில அதெல்லாம் கிடையாது.

இன்னொண்ணு. பெட்டியை ஒரு தடவை பிரிச்சுப் பேட்டரி மாத்திட்டா, யார் மாத்தினாலும் சரி, அதுக்கப்புறம் அதைத் தண்ணி தாங்குற பெட்டியா நினைக்காதீங்க.

வளைவுச் சாலை:

ட்ராலி ஸ்பீக்கரை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். 8 அங்குலக் கூம்பு, சின்னப் பெட்டியை விடக் குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் தரும். கோயில் விசேஷத்துக்கு மைக்கும் ஆகும். ஆனால் முன்பக்க ஓட்டை, மைக் ஜாக், பென்டிரைவ் துளை எல்லாம் திறந்தே இருக்கும், மஞ்சித் தூசிக்கு அது வாசல். சிலவற்றில் இன்னும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிதான். காலியானதும் அப்படியே இரண்டு மாதம் போட்டால் தகடு சல்ஃபேட் படிந்து திரும்ப ஏறாது. தினமும் ஷெட்டுக்குள்ளேயே கரண்டில் ஓடும் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

எஃப்.எம்., பென்டிரைவ் பற்றி: உறுதியான மாடல்கள் பெரும்பாலானவற்றில் இரண்டும் இருக்காது. ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வழி என்பதால்தான். இதற்குச் சுலபமான மாற்று, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றி, ஷெட் தூணில் ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். வானொலிக்கு பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் ஆப் போதும், ஆகாசவாணி நிலையங்கள் அதில் வருகின்றன. 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஓடினால் மணிக்கு 29 எம்.பி., நாள் முழுக்க ஓடினாலும் 300 எம்.பி.யைத் தாண்டாது.

சொந்த போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இணைப்பதில் இரண்டு தொல்லை. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் அதை விழுங்கும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை காப்பாற்றிவிடும், வெட்டவெளியில் அந்தச் சுவர் கிடையாது. முதுகைத் திருப்பினாலே பாட்டு விக்கும். இரண்டாவது, உங்களுக்கு வருகிற போன் மணி களம் முழுக்க அடிக்கும். சொந்த போனில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் ப்ளூடூத் அமைப்பில் அந்த ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டு, போன் அழைப்பை அணைத்து, மீடியாவை மட்டும் விடுங்கள்.

களத்துமேடு:

ரொம்ப நன்றிங்க. பழைய போன் யோசனை அருமை. ரெண்டு நடுத்தரப் பெட்டின்னா எது? ஜே.பி.எல். ஃப்ளிப் 6 பழைய ஸ்டாக் ஒரு கடையில இருக்கு, புது ஃப்ளிப் 7 இன்னொரு கடையில. ரெண்டுலயும் ஒவ்வொண்ணு வாங்கி இணைக்கலாமா? அப்புறம் ஸ்பீக்கரைத் தென்னை மரத்துல கட்டலாமான்னும் சொல்லுங்க.

டெசிபல்:

கலந்து வாங்கவே வாங்காதீர்கள். ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறை இரண்டிலும் வேறு. ஃப்ளிப் 6, சார்ஜ் 5 எல்லாம் பார்ட்டிபூஸ்ட். ஃப்ளிப் 7, சார்ஜ் 6 ஆராகாஸ்ட். ஒன்றோடு ஒன்று பேசாது. அதற்கும் முந்தைய கனெக்ட் பிளஸ் மாடல்கள் இந்த இரண்டோடும் சேராது. வேறு கம்பெனி என்றாலும் இதே விதிதான்: ஒரே மாடல், ஒரே நாளில், ஒரே கடையில்.

ஃப்ளிப் 6 ஐ.பி.67, 30 வாட், ஃப்ளிப் 7 ஐ.பி.68. உங்கள் வேலைக்கு 67 போதும், எனவே இரண்டு ஃப்ளிப் 6 பட்ஜெட்டுக்குள் வந்தால் தாராளமாக எடுக்கலாம். ஒரு குறை, பேட்டரி சிறியது. 12 மணி நேரம் என்று போட்டிருப்பது களத்தில் 6 வந்தால் சரி, சுவர்ப் பக்கத்துப் பெட்டிக்கு மதியம் பவர்பேங்க் தேவைப்படும். போஸ் சவுண்ட்லிங்க் ஃப்ளெக்ஸ், யு.இ. (அல்டிமேட் இயர்ஸ்) பூம் 3 இரண்டும் ஐ.பி.67தான். பூம் 3 சுற்றிலும் ஒலிக்கும் என்பதால் நடுவில் வைக்க முடிகிற இடத்துக்கு நல்லது. சுவரோரம் வைப்பதில் அதன் பெருமை பாதி வீண்.

மொட்டைச் சுவரின் மேல் நட்டநடுவே வைக்காமல் சுவரை ஒட்டித் தரையிலோ திண்டிலோ வையுங்கள். பின்னால் ஒரு பரப்பு இருந்தால் பேஸ் கூடும், வெளியில் முதலில் காணாமல் போவது அதுதான்.

சர்வீஸ் டேபிள்:

தென்னை மரத்துல கட்டலாம், மட்டையும் காயும் எப்ப விழும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா. ஐ.பி. எண்ல அடி தாங்குறதுக்கு இடமே இல்லை. அதுக்கு ஐ.கே.ன்னு தனிக் குறியீடு உண்டு, ஸ்பீக்கர் அட்டையில அதைப் போடுறது அபூர்வம். ஷெட் தூண்தான் சரி. அதுலயும் தகரத்துக்கு நேர் அடியில வேண்டாம், ஏப்ரல் மதியம் அந்த இடம் அடுப்பு. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் போடக் கூடாது. வெயில்ல சூடாகி வந்ததை ஆறவிட்டு அப்புறம் மாட்டுங்க.

வாங்குறப்போ கடையிலேயே நாலு விஷயம். பெட்டி அடியில பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர்-ல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கணும். எடை: ஃப்ளிப் 6 ஏறக்குறைய 550 கிராம். போலிக்குள்ள பேட்டரியும் காந்தமும் சின்னது, தராசுல வச்சதும் தெரிஞ்சிடும், மளிகைக் கடைத் தராசே போதும். கம்பெனி ஆப் அதைக் கண்டுபிடிச்சுப் பேர் காட்டணும், ப்ளூடூத் லிஸ்ட்ல பேர் வர்றது மட்டும் சாட்சி இல்லை, அதை யார் வேணா எழுதலாம். கடைசியா ரெண்டு முனையிலயும் சி இருக்கிற கேபிளால ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பாருங்க. மலிவுப் பெட்டிகள்ல அதுக்கு வேண்டிய ரெண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சிருப்பாங்க, பழைய சப்பை யு.எஸ்.பி. கேபிள்ல மட்டும்தான் ஏறும்.

சீசன் முடிஞ்சு களம் சும்மா கிடக்கிறப்போ காலியா வைக்காதீங்க, நிறைச்சும் வைக்காதீங்க. பாதி சார்ஜ்ல அணைச்சு, வீட்டுல குளிர்ச்சியான இடத்துல போட்டு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாதிக்கு ஏத்திடுங்க.

வளைவுச் சாலை:

சின்னதாக ஒன்று. களத்தை ஒட்டி வீடுகள் இருந்தால், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான். சொந்த இடத்தில் வைக்கிற ஸ்பீக்கர் எல்லையில் அதைவிட 5 கூடலாம், அதற்கு மேல் கூடாது. எதிர்ச்சுவர்ப் பெட்டியின் முகம் களத்தைப் பார்த்தே இருக்கட்டும்.

களத்துமேடு:

சுவருக்கு அந்தப் பக்கம் தோப்புதாங்க, வீடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தராசோட கடைக்குப் போறேன்.