புதுப்பிப்பு: கடைசியில் .44 மேக்னம்தான்

அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் சால்மன் பிடிக்கப் போகும்போது கரடியிடமிருந்து பாதுகாப்புக்காக .44 மேக்னம் ரிவால்வர் (சுழல் கைத்துப்பாக்கி) வாங்குவதா, அதைவிடப் பெரிய தோட்டா போடும் .500 வாங்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அப்புறம் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன்.

.500-இல் ஐந்து தோட்டாதான். மூன்றாவது சுட்டதுமே கட்டைவிரல் இடுக்கில் தோல் சிவந்துவிட்டது. நான்காவது குறி எங்கோ போனது. கரடி பாய்ந்து வரும்போது துப்பாக்கியின் பின்பக்கம் உள்ள சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைக்க நேரம் இருக்காது, விசையை ஒரே மூச்சில் முழுக்க இழுத்தாக வேண்டும். அதற்குக் கை தாங்க வேண்டுமே!

சரி என்று நான்கு அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629 வாங்கிவிட்டேன். ஆறு தோட்டா, சுமார் 1.2 கிலோ. உதைப்பு குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டாவையும் இதிலேயே போட்டுப் பழகலாம்.

கரடி ஸ்பிரேயை (கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே) சொன்னவர்களுக்கு நன்றி. அதுதான் முதலில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.