இடுப்பில் உறுத்தாத கைத்துப்பாக்கி எது? பழகிய பெண்கள் சொல்லுங்கள்

டெக்சாஸில் இருக்கிறேன். இரவுப் பணி முடிந்து காருக்குத் தனியாக நடக்கிறேன். அதனால் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன். 2021 செப்டம்பர் முதல் இங்கே பெரும்பாலோருக்கு உரிமம் கட்டாயமில்லை. இருந்தாலும் வகுப்புக்குப் போய் எடுத்துவிட்டேன்.

சுடுதளத்தில் சிக் பி365 வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். 10 தோட்டா கொள்ளும், சட்டைக்குள் தெரியவே இல்லை. ஆனால் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை, பின்னால் இழுப்பதற்குள் கட்டைவிரல் சிவந்துவிட்டது. ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ஈஇசட் .380 சுலபமாக வந்தது, உதைப்பும் குறைவு. 8 தோட்டாதான், கொஞ்சம் நீளம்.

குர்தா போடுபவர்கள் உறையை எங்கே வைக்கிறீர்கள்? கைப்பை வேண்டாம், வீட்டில் 4 வயதுப் பையன் இருக்கிறான், பையைத்தான் முதலில் குடைவான். அப்புறம், லெகிங்ஸ் மேல் நழுவாத பெல்ட் தெரிந்தாலும் சொல்லுங்கள்.