மாலத்தீவு ஸ்கூல் வேலை: வீடியோ இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

நெல்லை டீச்சர்:
பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடித்து மெட்ரிக் ஸ்கூலில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு எடுக்கிறேன். மாலத்தீவில் தலைநகர் மாலேயிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு தீவு ஸ்கூலுக்கு வியாழக்கிழமை வீடியோ காலில் இன்டர்வியூ, கூடவே ஒரு சின்ன டெமோ கிளாஸும் உண்டாம். கிராமரை எல்லாம் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன பார்க்கணும்? என்னுடையது அப்படியே நம்ம ஊர் உச்சரிப்பு, அதை வைத்தே கழித்துவிடுவார்களோ என்று பயம். ஏஜென்ட் வேறு இப்போதே பாதிப் பணம் கேட்கிறார்.

கடலோடி:
கிராமர் புத்தகத்தை மூடி வைங்க சகோ. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ பரீட்சை, அதனால் 0510 என்ற இங்கிலீஷ் (இரண்டாம் மொழி) பேப்பரின் பழைய வினாத்தாள் ஒன்றிரண்டை நெட்டில் எடுத்துப் பாருங்கள். டெமோவில் அவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். ஒருத்தர் வேண்டுமென்றே "ஐ கோட் (goed) டு மாலே எஸ்டர்டே" என்பார். "தப்பு" என்று அங்கேயே வெட்டிவிட்டால் போச்சு, "ஓ, யூ வென்ட் டு மாலே? ஹூ வென்ட் வித் யூ?" என்று சரியான வார்த்தையைக் காதில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். முழுக்க நீங்களே பேசித் தீர்க்காதீர்கள், நம்ம ஆட்கள் பாதிப் பேர் கோட்டை விடுவது இதில்தான். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ரொம்ப வருஷமாக வாத்தியார்கள் போகிற ஊர் அது. வேகத்தை மட்டும் குறையுங்கள்.

அப்புறம் "சின்னத் தீவு, சமாளிப்பீர்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். பாதியில் கிளம்பிப் போகிறவர்களால் அவர்களுக்குத் தலைவலி. வார விடுமுறை வெள்ளி, சனி, கும்பிடும் சாமி சிலையைக் கொண்டுபோக அனுமதி இல்லை, இதெல்லாம் தெரிந்துதான் வருகிறேன் என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது.

பழைய ஏஜென்ட்:
பணம் கட்டாதீங்க மேடம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவான ஏஜென்ட்தானா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவான ஆளே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு ரசீது கொடுக்கணும். இன்டர்வியூவில் சம்பளம் ருஃபியாவிலா டாலரிலா, வீடும் டிக்கெட்டும் யார் பொறுப்பு, லீவு மாதத்துக்குச் சம்பளம் உண்டா, எல்லாம் கேட்டுவிடுங்கள். அங்கே டாலர் தட்டுப்பாடு இருப்பதால், ருஃபியா என்றால் ஊருக்கு எப்படி அனுப்புவது என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஸ்கூல் வேண்டாம்.

சும்மா வந்தவன்:
கொரியா பக்கம் போகலாமே, சம்பளம் அதிகம்.

கடலோடி:
அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தரும் இ-2 விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி 7 நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான். 2010இல் வந்த இந்தியா-கொரியா ஒப்பந்தத்தால் நமக்கும் ஒரு சின்னக் கதவு உண்டு, ஆனால் ஸ்கூல்களில் துணை ஆசிரியர் வேலைக்கு மட்டும்.

நெல்லை டீச்சர்:
ரொம்ப நன்றி. டெமோவுக்கு "உன் தீவுக்கு வரும் நண்பனுக்கு ஈமெயில்" என்று வைத்துக்கொள்கிறேன். ஏஜென்டிடம் பதிவு எண் கேட்டேன், அப்புறம் அனுப்புகிறாராம்.

பழைய ஏஜென்ட்:
அப்போ பணமும் அப்புறம்தான்.