முற்றத்தில் பறை, தவில் படப்பிடிப்பு: சத்தம் கிழியுது, எதிரொலிக்குது, வீடியோவோட ஒட்டல

மேலவீதி

உள்ளூர் கேபிள் சேனலுக்குத் தாளக்கருவிகளைப் பத்தி அரை மணி நேர நிகழ்ச்சி, மொத்தம் நாலு. முதல்ல பறை, அடுத்து தவில், உறுமி, கடைசியா மானாமதுரைக் கடம். இடம் கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்டு முற்றம். கையில இருக்கறது ரெண்டு போன், ரெண்டு எக்ஸ்எல்ஆர் இணைப்பு உள்ள ரெக்கார்டர் ஒண்ணு, எஸ்எம்57 மைக் ரெண்டு.

சோதனைக்கு எடுத்துப் பாத்ததுல மூணு சிக்கல். பறை அடிக்கறப்போ போன்ல சத்தம் கிழியுது. ரெக்கார்டர்ல கிழியல, ஆனா கிணத்துக்குள்ள அடிச்ச மாதிரி கேக்குது. மைக்கை ஆறடி தள்ளி வச்சிருந்தோம். அதை வீடியோவோட சேத்தா ஆரம்பத்துல ஒட்டுது, இருபது நிமிஷத்துல குச்சி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். சுவத்துல ஆணி அடிக்க வீட்டு ஆச்சி விடமாட்டாங்க. அதையும் கணக்குல வச்சுச் சொல்லுங்க.

ஒலிக்கம்பி

போன் மைக் பேச்சுக்காக வச்சது. பறை பக்கத்துல நின்னா 100 டெசிபெல்லைச் சாதாரணமாத் தாண்டும். கிழிஞ்ச பிறகு எடிட்டிங்ல ஒலியைக் குறைச்சா கிழிசல் சின்னதாகுமே தவிர தைக்காது. போன் ஒலியை வீடியோவோட பொருத்திப் பாக்க மட்டும் வச்சுக்கிட்டு, கடைசியில தூக்கிடுங்க.

கிணத்துச் சத்தத்துக்குக் காரணம் வீடு. முட்டை வெள்ளைக்கரு சேத்துத் தேச்ச சுண்ணாம்புப் பூச்சு ஒளியை மட்டுமில்ல, ஒலியையும் திருப்பி அனுப்பும். தரையில ஆத்தங்குடிக் கல்லு. மேல வானம் திறந்திருக்கறது ஒண்ணுதான் அங்க நமக்கு லாபம், போற சத்தம் திரும்பி வராது. அதனால கலைஞரை முற்றத்தைச் சுத்தி இருக்கற பத்தியில (கூரை உள்ள தாழ்வாரம்) தூண் ஓரமா நிறுத்தாதீங்க (படத்துக்கு அழகா இருக்கும், தெரியும்). முற்றத்துக்குள்ளயே நிறுத்துங்க, நட்டநடுவுல இருந்து ரெண்டடி தள்ளி. சரியா நடுவுல நின்னா எதிரெதிர்ச் சுவர் எதிரொலியெல்லாம் ஒரே நேரத்துல வந்து சேரும்.

ஆணி வேண்டாம். தூணுக்குத் தூண் கயிறு கட்டி ஜமுக்காளம் தொங்கவிடுங்க, சுவத்துல இருந்து ஒரு அடி இடைவெளி விட்டு. ஒட்டித் தொங்கவிட்டா பாதிப் பலன்தான். கயிறு படற இடத்துல தேக்குத் தூணுக்குத் துணி சுத்துங்க, இல்லன்னா ஆச்சி அதுக்கும் வருவாங்க. தரையில ஜமுக்காளம் ரெண்டா மடிச்சு. இதெல்லாம் சளசளப்பைத்தான் குறைக்கும். அடித்தொண்டைச் சத்தத்தைக் குறைக்கக் கனமான பஞ்சு மெத்தைதான் ஓரளவு உதவும். மைக்குக்குப் பின்னால ரெண்டு மெத்தையை நிமித்தி வையுங்க.

எல்லாத்தையும் விட மைக் தூரம் முக்கியம். தூரம் ரெட்டிச்சா நேரா வர்ற சத்தம் 6 டெசிபெல் குறையும், எதிரொலி அப்படியே இருக்கும். ஆறடியை ரெண்டரை அடியாக்குங்க. கிணறு பாதிக்கு மேல தூந்துடும்.

ரெக்கார்டர்ல 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சோதனைக்கு அடிக்கறப்போ யாரும் முழு வேகத்துல அடிக்கமாட்டாங்க. அதனால ரெக்கார்டர் மீட்டர்ல உச்சம் மைனஸ் 18 டெசிபெல்ல நிக்கற மாதிரி வச்சா, நிஜ அடியில மைனஸ் 10 பக்கம் வந்து நிக்கும். தானியங்கி ஒலி அளவை அணைச்சுடுங்க.

பூவரசங்கம்பு

ரெண்டரை அடி பறைக்குச் சரி. மத்ததுக்கு அப்படியே எடுத்துக்காதீங்க.

பறைக்கு மைக்கைத் தோலுக்கு நேரா வைக்காம, சிண்டுக்குச்சி (மெல்லிசான நீளக் குச்சி) படற பக்கமாச் சாய்ச்சு வையுங்க. தடியான அடிக்குச்சி தானாவே கேக்கும், மூங்கில் சிண்டுக்குச்சிதான் தொலைஞ்சு போகும். இன்னொண்ணு: நெருப்புல காய்ச்சின தோல் ஆற ஆற சுருதி இறங்கும். ஈரக்காத்துல பத்து நிமிஷத்துலயே வித்தியாசம் தெரியும். முதல் டேக்கையும் நாலாவது டேக்கையும் வெட்டி ஒட்டினா வேற பறை மாதிரி இருக்கும். ரெண்டு பறை வச்சு மாத்தி மாத்திக் காய்ச்சுங்க; நெருப்பு வீட்டுக்கு வெளியில, புகை படத்துல விழாத இடத்துல.

தவிலுக்கு ரெண்டு மைக்கும் வேணும், வலந்தலைக்கு (விரலால வாசிக்கற பக்கம்) ஒண்ணு, தொப்பிக்கு (கம்பால அடிக்கற பக்கம்) ஒண்ணு, ஒரு அடி தள்ளி. இங்கதான் பலர் ஏமாறுவாங்க. கம்பு தொப்பியில விழறப்போ அந்தத் தோல் உள்ள போகும், வலந்தலைத் தோல் வெளிய தள்ளும். ரெண்டு மைக்கையும் ஒண்ணாக் கலந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும், தவில் தகர டப்பா ஆயிடும். எடிட்டிங்ல ஒரு டிராக்கோட போலாரிட்டியை, அதாவது ஒலி அலையைத் தலைகீழா, திருப்பிப் பாருங்க. எதுல தொப்பி கனமாக் கேக்குதோ அதை வையுங்க.

உறுமியில தேய்க்கற பக்கத்துக்கு மட்டும் கிட்ட, அரை அடியில. அடிக்கற பக்கம் எப்படியும் வந்துடும்.

கடத்துக்கு வாயைப் பாத்துப் பக்கவாட்டுல முக்கால் அடி. வாய் வயித்தோட ஒட்டி இருக்கும், அதை அழுத்தி விடறப்போ வர்ற கும்காரம் அங்கதான் இருக்கு. மேல மட்டும் வச்சா மண்பானையில விரல் தட்டற சத்தம்தான் மிஞ்சும். வாசிக்கறவர் மோதிரத்தைக் கழட்டினாரான்னும் பாருங்க.

இருபத்தஞ்சு_பிரேம்

ஒட்டாம போறதுக்கு வாறேன். ஆரம்பத்துல ஒட்டி அப்புறம் விலகுதுன்னா தூரம் காரணமில்ல. சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகும், நொடிக்கு 25 பிரேம்னா ஒரு பிரேம் 40 மில்லிசெகண்ட். கேமரா 14 மீட்டர் தள்ளி இருந்தாத்தான் ஒரு பிரேம் பிந்தும். அதுவும் கடைசி வரைக்கும் ஒரே அளவு பிந்தும்.

உங்க சிக்கல் பெரும்பாலும் போனோட நிலையில்லாத பிரேம் வேகம். சும்மா 30னு காட்டும், வெளிச்சம் குறைஞ்சா 27, 28னு இறங்கும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். அதுல 25 பிரேம்னு பூட்டுங்க. ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக்ங்கற மென்பொருள்ல மாறாத 25 பிரேமா மாத்திட்டு எடிட்டிங்ல போடுங்க. அதுக்கப்புறமும் போன், ரெக்கார்டர் ரெண்டோட கடிகார வித்தியாசத்துல அரை மணிக்கு ஒரு பிரேம் விலகலாம், கவலைப்படாதீங்க. ஒவ்வொரு டேக்கும் ஏழெட்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சு, முன்னால ஒரு கைத்தட்டு, பின்னால ஒரு கைத்தட்டு, ரெண்டு போனுக்கும் தெரியற மாதிரி. போன் ரெண்டும் விமானப் பயன்முறையில இருக்கட்டும்.

ஷட்டர் 1/50 இல்லன்னா 1/100. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/60ல வச்சா எல்இடி விளக்குல பட்டை பட்டையா ஓடும். குச்சி தெளிவாத் தெரியணும்னா 1/100.

உச்சி வெயில்ல எடுத்தா முகத்துல கண்குழி கறுத்துடும். காலை எட்டுலேர்ந்து பத்துக்குள்ள முடியுங்க. முடியலன்னா முற்றத்துக் கம்பி வலையில எட்டு முழ வெள்ளை வேட்டி ரெண்டைச் சேத்துக் கட்டுங்க. நாலு மூலையையும் இழுத்துக் கட்டணும், படபடன்னு அடிச்சா மைக்ல விழும்.

மேலவீதி

போலாரிட்டி விஷயம் தெரியாது, தவில் எடுக்கறதுக்கு முன்னாடி சொன்னீங்க, நல்லதாப் போச்சு. சேனலுக்கு எப்படிக் கொடுக்கறது? பென் டிரைவ்ல கொண்டு வாங்கன்னு மட்டும் சொன்னாங்க.

ஹெட்எண்ட்

முதல்ல விளம்பரம் போக எத்தனை நிமிஷம்னு கேளுங்க. அரை மணின்னா முப்பது நிமிஷம் இருக்காது.

அப்புறம் பென் டிரைவ். சில சேனல் கணினி எஃப்ஏடி32ங்கற முறையில ஃபார்மேட் பண்ணின டிரைவை மட்டும்தான் படிக்கும், அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே கோப்பு ஏறாது. 28 நிமிஷம் 25 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 25 மெகாபிட்) எடுத்தா 5.25 ஜிபி. 8 எம்பிபிஎஸ்ல 1.7 ஜிபிதான் வரும். எச்.264, எம்பி4, 1920×1080, 25 பிரேம்னு கொடுத்தா பெரும்பாலும் சிக்கல் வராது.

படம் எடுக்கறதுக்கு முன்னாடியே நினைவுல வைக்க வேண்டியது: கீழ ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரம் ஓடிக்கிட்டே இருக்கும். திரையோட கீழ் ஐஞ்சுல ஒரு பங்கு உங்களுதில்லன்னு வச்சுக்குங்க. உக்காந்து வாசிக்கற தவில், கடம் ரெண்டுலயும் கை அங்கதான் வரும். கேமராவைத் தாழ்த்தி, கையைத் திரை நடுவுக்குக் கொண்டு வாங்க.

ஒலி அளவு சராசரி மைனஸ் 23 லஃப்ஸ் (காதுக்குக் கேக்கற உரப்போட அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். அதை அளக்க யூலீன் மீட்டர் மென்பொருளோட இலவசப் பதிப்பே போதும். தொகுப்பாளர் பேச்சுக்கும் பறைக்கும் வித்தியாசம் ரொம்ப இருந்தா, வீட்டுல ரிமோட்டைக் கையிலயே வச்சிருப்பாங்க. பேச்சை ஏத்துங்க, பறையை லிமிட்டர்ல (உச்சத்தைத் தடுக்கற எடிட்டிங் கருவி) கொஞ்சம் அமுக்குங்க.

பூவரசங்கம்பு

அமுக்கறதுல மட்டும் கை பதறாதீங்க. லிமிட்டர் உடனே பிடிச்சா குச்சி விழற அந்த நுனிதான் முதல்ல சாகும், மிச்சம் இருக்கறது பொத்பொத்துனு கேக்கும். சத்தத்தை மெதுவா அமுக்கற கம்பிரசர்ல அட்டாக் (அமுக்க ஆரம்பிக்கற நேரம்) 20, 30 மில்லிசெகண்ட் விட்டு, 3 டெசிபெல்லுக்கு மேல குறைக்காம வையுங்க. லிமிட்டர் கடைசி உச்சத்துக்கு மட்டும். ஹெட்போன்ல முடிவு பண்ணாதீங்க. பழைய டிவி ஒண்ணுல போட்டு, அடுத்த அறையில நின்னு கேளுங்க. சிண்டுக்குச்சி அங்க வரைக்கும் வரணும்.