அஞ்சு மானிட்டருக்கு எத்தனை கார்டு?

குழு: பெரிய வீடு 🏠

சனி, காலை 8:40

முருகன்: கார்த்தி ஃப்ரீயா இருக்கியாப்பா. கடை சிஸ்டத்துக்கு அஞ்சு மானிட்டர் போடணும். ஆடி 18க்கு புது காலண்டர் சாம்பிள் ஆல்பம் வெளிய வரணும், அதுக்குள்ள டிசைன் முடியணும், ரெண்டே மானிட்டரை வச்சுக்கிட்டு ஒவ்வொரு விண்டோவா மாத்தி மாத்தி திறந்து கண்ணு அவிஞ்சு போகுது

முருகன்: கம்ப்யூட்டர் கடைக்காரர் இப்ப இருக்குற கிராஃபிக்ஸ் கார்டு பத்தாது பெரிய கேமிங் கார்டு போடணும்ங்கிறார், அது போட்டா உள்ள கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ்ஸும் மாத்தணுமாம்

மீனாட்சி: காலண்டர் அடிக்க கேமிங் எதுக்குடா தம்பி

ராஜா: மச்சான் கார்டெல்லாம் எதுக்கு, எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர்னு ஒரு டப்பா இருக்கு. ஒண்ணு உள்ள நாலு வெளிய. எங்க ஆபீஸ் மீட்டிங் ஹால்ல அதான் மாட்டிருக்காங்க

கார்த்தி: சித்தப்பா அதுல நாலு டிவிலயும் ஒரே படம்தான் ஓடும், மாமாவுக்கு ஒவ்வொண்ணுலயும் வேற வேற வேணும்

கார்த்தி: மாமா எதுவும் வாங்கிராதீங்க. பிரியா கடைல இருக்காளா? சிபியூ பின்பக்கம் தெளிவா ஒரு போட்டோ வேணும், எல்லா ஓட்டையும் தெரியுற மாதிரி

செல்வி: அவ இன்னும் எந்திரிக்கவே இல்ல

பிரியா: எந்திரிச்சிட்டேன்மா 🙄

சனி, காலை 11:15

பிரியா: (போட்டோ)

பிரியா: அத்தான் தூசிய தொடச்சிட்டு எடுத்திருக்கேன், அப்பா இத வாங்குனதுல இருந்து திரும்பிப் பாத்ததே இல்லபோல

கார்த்தி: சூப்பர். கீழ படுத்த மாதிரி இருக்குற பட்டைதான் கிராஃபிக்ஸ் கார்டு, ஜிடிஎக்ஸ் 1650. அதுல மூணு ஓட்டை: எச்டிஎம்ஐ ஒண்ணு, டிஸ்ப்ளேபோர்ட் ஒண்ணு, வெள்ளையா அகலமா இருக்குறது டிவிஐ. மேல யூஎஸ்பிக்குப் பக்கத்துல இருக்குறது மதர்போர்டு ஓட்டை, அங்க எச்டிஎம்ஐ ஒண்ணு நீலக்கலர் விஜிஏ ஒண்ணு. கூட்டிப் பாருங்க மாமா

முருகன்: 3ம் 2ம் 5

கார்த்தி: அவ்ளோதான். கேக்குற அஞ்சும் உங்ககிட்டயே இருக்கு

முருகன்: அது எப்படிப்பா, அந்த மேல இருக்குறதுல கேபிள் சொருகுனா ஒண்ணுமே வராது நோ சிக்னல்னு வரும். சிஸ்டம் குடுத்த பையனே அதுல மாட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போனான்

கார்த்தி: அது சும்மா ஆஃப் ஆகி இருக்கு மாமா. தனி கார்டு போட்டா மதர்போர்டு தானாவே உள் கிராஃபிக்ஸை அணைச்சு வச்சிடும், பெரும்பாலான போர்டுல அப்படித்தான் வரும். பயாஸ்ல, அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணா ரெண்டும் சேந்து ஓடும். ஆனா ப்ராசஸர் எதுன்னு பாக்கணும், கடைசில எஃப்னு ஒரு எழுத்து இருந்துச்சுன்னா உள் கிராஃபிக்ஸே கிடையாது, அந்த ரெண்டு ஓட்டையும் வெறும் அலங்காரம். பிரியா செட்டிங்ஸ்ல சிஸ்டம் அதுல அபௌட் பாரு

பிரியா: ஐ5 12400ன்னு இருக்கு. எஃப் இல்ல

கார்த்தி: தப்பிச்சோம் 🙏

ராஜா: அப்ப அந்தப் பெரிய கார்டு வாங்கிருந்தா அஞ்சும் அதுலயே வந்துருக்குமே, ஒரு டவுட்டுக்குத்தான் கேக்குறேன்

கார்த்தி: வராது சித்தப்பா, அதான் விஷயமே. என்விடியா கேமிங் கார்டுல எவ்ளோ பெருசு வாங்குனாலும் ஒரு கார்டுக்கு நாலு மானிட்டர்தான். ஆர்டிஎக்ஸ் 4090ன்னு லட்சத்துக்கு மேல ஒரு கார்டு வந்துச்சே, அதுலயும் நாலுதான். விலை ஏறுறது கேம் ஓடுற வேகத்துக்கு, மானிட்டர் எண்ணிக்கைக்கு இல்ல. மாமா பாக்குறது கோரல்ட்ராவும் போட்டோஷாப்பும் பிடிஎஃப்பும், அதுக்கு 1650யே ஜாஸ்தி

ராஜா: சரி சரி

செல்வி: நல்ல வேளை அட்வான்ஸ் குடுக்கல

முருகன்: குடுக்கல குடுக்கல

மீனாட்சி: தம்பி அஞ்சு எதுக்குன்னு இன்னும் சொல்லலியே

முருகன்: அக்கா தினசரி காலண்டர் வேலை. ஒண்ணுல டிசைன். ஒண்ணுல பஞ்சாங்கத்துல இருந்து எடுத்த மேட்டர், நல்ல நேரம் ராகு காலம் எமகண்டம் எல்லாம் பாத்துப் பாத்து போடணும். ஒண்ணு பார்ட்டி பக்கம் திருப்பி வைக்கணும், ஆர்டர் குடுக்க வர்றவங்க எதிர்ல உக்காந்து எட்டி எட்டிப் பாக்குறாங்க, கழுத்து சுளுக்குதுங்கிறாங்க. ஒண்ணு முழு ஷீட்டும் நட்டுக்குத்தலா பாக்க. கடைசி மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும், ஜவுளிக்கடைக்காரங்க போட்டோவெல்லாம் அதுலதான் அனுப்புறாங்க

கார்த்தி: கைல என்னென்ன மானிட்டர் இருக்கு மாமா

முருகன்: புது 24 இன்ச் ஒண்ணு, பழைய 22 ஒண்ணு. பேஜ்மேக்கர் காலத்து 19 இன்ச் ஒண்ணு பரண்ல கிடக்கு. ரெண்டு வாங்கணும்

கார்த்தி: அந்த 19ல விஜிஏ மட்டும்தான் இருக்கும், அது மதர்போர்டு விஜிஏக்கு கனகச்சிதம். வாட்ஸ்அப் பாக்க அது போதும். புதுசு ரெண்டு வாங்கும்போது எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் கலர் மாறாத ஐபிஎஸ் பேனலான்னு கேட்டு வாங்குங்க, நட்டுக்குத்தலா திருப்புறதுக்கு ஐபிஎஸ்தான் வேணும், டிஎன் பேனலைத் திருப்புனா ஒரு பக்கம் கருப்படிச்ச மாதிரி தெரியும். அப்புறம் பின்னாடி நாலு ஸ்க்ரூ ஓட்டை சதுரமா இருக்கணும், 100க்கு 100 மில்லிமீட்டர் இல்ல 75க்கு 75, வெசான்னு சொல்லுவாங்க. அது இருந்தாத்தான் மானிட்டரைத் தாங்குற ஆர்ம்ல மாட்ட முடியும், சில மலிவு மாடல்ல அது இருக்காது

செல்வி: ஆர்ம்னா என்ன, டேபிள்ல ஓட்ட போடுவீங்களா

கார்த்தி: இல்ல அத்தை, ஓரத்துல கவ்விப் பிடிக்கும். கண்ணாடி டேபிள்னா வேணாம், மரம்னா ஓகே

செல்வி: மரம்தான். ஆனா ஓரத்துல ஊதுபத்தி ஸ்டாண்டு இருக்கு

பிரியா: அம்மா அத நகத்திக்கலாம்மா

செவ்வாய், மாலை 5:50

முருகன்: மானிட்டர் ரெண்டும் வந்துருச்சு. கேபிள் எல்லாம் பஜார்ல வாங்கிட்டு வந்தேன். டிவிஐக்கு ஒரு கன்வெர்ட்டர் குடுத்தான் அது உள்ள போகவே மாட்டேங்குது, தள்ளட்டுமா

கார்த்தி: தள்ளாதீங்க மாமா!!! போட்டோ அனுப்புங்க

பிரியா: (போட்டோ)

கார்த்தி: இது டிவிஐல இருந்து விஜிஏ ஆக்குறது. பட்டையா ஒரு பின் இருக்கே அதைச் சுத்தி நாலு குட்டி பின் இருக்கு பாருங்க, அந்த நாலுல தான் பழைய அனலாக் சிக்னல் போகும். உங்க கார்டுல இருக்குறது டிவிஐ டி, டிஜிட்டல் மட்டும், அதுக்கு அந்த நாலு ஓட்டையே கிடையாது. திருப்பிக் குடுத்துட்டு டிவிஐ டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்க, சாதாரண கேபிள் போதும் ரெண்டும் டிஜிட்டல்தான்

முருகன்: இன்னொண்ணு டிஸ்ப்ளேபோர்ட் டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிருக்கேன் அது மாட்டியாச்சு, 22 இன்ச்சுல எச்டிஎம்ஐ பக்கம். படம் வருது

கார்த்தி: வரும். கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ, அப்படித்தான் அது வேலை செய்யும். திருப்பி மாட்டுனா வராது, அது ஒருவழிப் பாதை. நெறைய பேர் இதுல ஏமாந்து மானிட்டர் போயிருச்சுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போறாங்க

ராஜா: டிஸ்ப்ளேபோர்ட்ல ஒரு மானிட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு தொடுத்துக்கிட்டே போகலாம்னு யூட்யூப்ல பாத்தேனே கார்த்தி, அப்ப ஒரு ஓட்டையே போதுமே

கார்த்தி: நிஜம்தான் சித்தப்பா, டெய்சி செயின்பாங்க, 2010ல வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2ல இருந்தே உண்டு. ஆனா மானிட்டர்லயே டிஸ்ப்ளேபோர்ட் அவுட்னு தனி ஓட்டை இருக்கணும், அந்த மாடல் விலை கூட. இருக்குற அஞ்சு ஓட்டைய விட்டுட்டு அதுக்குப் போக வேணாம்

பிரியா: என் ஃப்ரெண்டோட எம்1 மேக்புக் ஏர்ல வெளிய ஒரு மானிட்டர்தான் போடலாமாம் 😂 அவ கிட்ட அப்பா கடை பத்தி பெருமை அடிக்கப் போறேன்

செவ்வாய், இரவு 9:05

கார்த்தி: பிரியா பயாஸ் இப்ப பண்ணலாமா. ரீஸ்டார்ட் குடுத்து ஸ்க்ரீன் வர்றதுக்கு முன்னாடி டெலீட் கீய தட்டிக்கிட்டே இரு

பிரியா: வந்துருச்சு. நீலமா ஒரே எழுத்தா இருக்கு

கார்த்தி: அட்வான்ஸ்டு, அதுல சிஸ்டம் ஏஜென்ட், அதுல கிராஃபிக்ஸ் கான்ஃபிகரேஷன். ஐஜிபியூ மல்டி மானிட்டர்னு ஒரு வரி இருக்கும், ஐஜிபியூன்னா அந்த உள் கிராஃபிக்ஸ், கம்பெனிக்குக் கம்பெனி பேரு கொஞ்சம் மாறும். அத எனேபிள் பண்ணு. மேல ப்ரைமரி டிஸ்ப்ளேன்னு இருந்தா பிசிஐஇன்னே (தனி கார்டு) இருக்கட்டும், அத மாத்துனா ஆன் பண்ணும்போது முதல் படம் 19 இன்ச்சுல வரும்

பிரியா: பண்ணிட்டேன். எஃப்10 அழுத்தி சேவ். விண்டோஸ் வந்துருச்சு

பிரியா: அத்தான் 19 உயிர் வந்துருச்சு!! ஆனா எழுத்தெல்லாம் பூதம் மாதிரி பெருசா இருக்கு

கார்த்தி: இன்டெல் டிரைவர் இன்னும் ஏறல. நெட் கனெக்ட் பண்ணி விண்டோஸ் அப்டேட் விடு, அதுவா எடுத்துக்கும். என்விடியா டிரைவரும் இன்டெல் டிரைவரும் ஒண்ணா இருக்கலாம் சண்டை வராது

மீனாட்சி: நம்ம வீட்டுல அப்படி ரெண்டு பேர் இருந்தா தேவல

செல்வி: அண்ணி 🤭

பிரியா: டிரைவர் ஏறிடுச்சு சரியாயிட்டு. ஆனா மவுஸ் வலது பக்கம் போனா இடது பக்க மானிட்டர்ல வருது

கார்த்தி: டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் டிஸ்ப்ளே செட்டிங்ஸ். ஐடென்டிஃபை அமுக்குனா ஒவ்வொண்ணுலயும் நம்பர் வரும். மேல இருக்குற கட்டங்களை இழுத்து டேபிள்ல எப்படி இருக்கோ அதே வரிசைல வையி. 19 இன்ச் கட்டம் சின்னதா இருக்கும், அதோட அடி ஓரத்தை பக்கத்து கட்டத்தோட அடி ஓரத்துக்கு ஒட்டி வையி, இல்லன்னா மவுஸ் மூலைல போய் இடிச்சுக்கிட்டு நிக்கும். நட்டுக்குத்தல் மானிட்டருக்கு ஓரியன்டேஷன்ல போர்ட்ரெய்ட். 24 இன்ச்ச மெயின் டிஸ்ப்ளே ஆக்கிடு

கார்த்தி: அப்புறம் மாமா, விண்டோவ மவுஸால இழுத்துக்கிட்டே போகாதீங்க, விண்டோஸ் கீயும் ஷிஃப்டும் சேத்து அமுக்கிக்கிட்டு ஆரோ கீ தட்டுனா அடுத்த மானிட்டருக்குத் தாவும்

முருகன்: அட ஆமாப்பா 👌👌

புதன், மதியம் 1:20

முருகன்: கார்த்தி ஒரு சிக்கல். முருகர் படத்துல பட்டு வேட்டி 24ல குங்குமச் சிவப்பா இருக்கு 22ல ஆரஞ்சா இருக்கு பார்ட்டி பக்கம் திருப்புனதுல ரோஸா இருக்கு. பார்ட்டி அதைப் பாத்துட்டு கலர் மாத்துங்கங்கிறார்

கார்த்தி: மாமா வெவ்வேற வருசம் வெவ்வேற கம்பெனி மானிட்டர் ஒரே கலர்ல இருக்கவே இருக்காது. அஞ்சையும் நம்புனா பைத்தியம் புடிக்கும், ஒண்ண மட்டும் நம்புங்க, உங்க 24. முடிஞ்சா ஸ்க்ரீன் கலரை அளந்து சரி பண்ற கலர் கேலிப்ரேட்டர் வாடகைக்கோ தெரிஞ்ச பிரஸ்லயோ வாங்கி அதுக்கும் பார்ட்டி மானிட்டருக்கும் போட்டுருங்க, விண்டோஸ்ல ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி ப்ரொஃபைல் வைக்கலாம். அதுவரைக்கும் எல்லாத்துலயும் பிரைட்னஸ் குறைங்க, வாங்கும்போது கண்ணைப் பறிக்கிற அளவுல இருக்கும். விவிட், கேம் மோடு மாதிரி எதாச்சும் ஆன்ல இருந்தா அணைச்சுட்டு கலர் டெம்ப்ரேச்சரை 6500 இல்ல வார்ம்னு ஒரே மாதிரி வைங்க

முருகன்: அதெல்லாம் சரிதான், ஆனா பார்ட்டிகிட்ட நான் எப்பவும் ப்ரிண்ட்லதான் கையெழுத்து வாங்குவேன். ஸ்க்ரீன் எவ்ளோ போட்டாலும் பிரஸ்ல அடிக்கிற நாலு கலர் சிஎம்ஒய்கே மை வேற. மேட்டரும் டிசைனும் ஸ்க்ரீன்ல ஓகே வாங்கிக்குறேன் கலருக்கு ப்ரூஃப் ஷீட்

கார்த்தி: அது நீங்க எனக்குச் சொல்ற பாடம் மாமா 🙏

ராஜா: மச்சான் பார்ட்டி பக்க மானிட்டர்ல உங்க வாட்ஸ்அப் தெரிஞ்சிரப் போகுது

முருகன்: மாப்ள அதான் பயமே. வேற கடைக்காரர் டிசைனை இவர் பாத்துட்டா அதே மாதிரி கேப்பாரு

கார்த்தி: எக்ஸ்டெண்ட்ல இருக்குற வரைக்கும் நீங்க அதுல கொண்டு போய் வச்சது மட்டும்தான் தெரியும். டூப்ளிகேட் போட்டா தான் நீங்க பாக்குறது அப்படியே போகும். நோட்டிஃபிகேஷன் மெயின்ல மட்டும்தான் வரும். பிடிஎஃப்ப அதுல ஃபுல் ஸ்க்ரீன் ஆக்கி வச்சுருங்க

புதன், இரவு 7:30

செல்வி: கரண்ட் போச்சு யூபிஎஸ் கீ கீன்னு கத்திட்டு ரெண்டு நிமிஷத்துல செத்துருச்சு. இவரு பாதி வேலை போச்சுன்னு உக்காந்திருக்காரு

கார்த்தி: அத்தை யூபிஎஸ் என்ன அளவு

பிரியா: 600 விஏ

கார்த்தி: அது நிஜத்துல 360 வாட் பக்கம்தான் தாங்கும். மானிட்டர் ஒண்ணு 20, 25 வாட், பழைய 19 இன்னும் கூட இழுக்கும், அஞ்சுக்கு 120 வச்சுக்கோங்க, சிபியூ தனி. லோடு தாங்குனாலும் பேட்டரி பழசுன்னா நிக்காது. யூபிஎஸ்ல சிபியூவும் 24 இன்ச்சும் மட்டும் போடுங்க, மத்த நாலும் நேரா கரண்ட்ல. போனா அதுங்க அணையும், மெயின்ல சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண நேரம் கிடைக்கும்

பிரியா: அந்த நாலுல திறந்திருந்த விண்டோ எங்க போகும்

கார்த்தி: சிலது மெயினுக்கு ஓடி வந்துரும், சிலது வராம ஒளிஞ்சுக்கும், மானிட்டரைப் பொறுத்தது. வரலன்னா டாஸ்க்பார்ல அத கிளிக் பண்ணிட்டு அதே விண்டோஸ் ஷிஃப்ட் ஆரோ. கரண்ட் வந்ததும் விண்டோஸ் 11ல பழைய எடத்துக்கே போய்ரும்

கார்த்தி: லேசர் பிரிண்டர் யூபிஎஸ்ல இருக்கா?

செல்வி: இருக்கு

கார்த்தி: அத மொதல்ல கழட்டுங்க அத்தை!! சூடாகும்போது ஒரே இழுப்பா இழுக்கும், பேட்டரி கூட நல்லா இருக்கலாம், பிரிண்டர்தான் யூபிஎஸ்ஸ சாகடிச்சிருக்கும்

முருகன்: கோரல்ல ஆட்டோ பேக்கப் இருந்துச்சு, கொஞ்சம்தான் போச்சு. பிரிண்டரைக் கழட்டிட்டேன்

வெள்ளி, காலை 10:10

பிரியா: (போட்டோ)

பிரியா: அஞ்சும் ஓடுது!! நடுவுல அப்பா சிரிக்கிறாரு பாருங்க, ஊதுபத்தி ஸ்டாண்டு இப்ப மேல ஷெல்ஃப்ல

ராஜா: சூப்பர் மச்சான் ஏர்போர்ட் மாதிரி இருக்கு 👏

ராஜா: ஆறாவது போடணும்னா?

கார்த்தி: அப்ப யூஎஸ்பில மாட்டுற டிஸ்ப்ளேலிங்க் டப்பா ஒண்ணு போதும், ஆனா அது படத்தை ப்ராசஸர்ல சுருக்கி அனுப்புறது, எக்செல் மெயிலுக்கு ஓகே, டிசைனுக்கு வேணாம்

செல்வி: ஆறாவதா? எங்க வைக்கிறது, என் தலைல வைங்க

மீனாட்சி: பிரியா அந்த நட்டுக்குத்தல் மானிட்டர்ல இருக்குற ஷீட் புதன்கிழமையா?

பிரியா: ஆமா அத்தை, ஜூம் பண்ணிப் பாத்தீங்களா

மீனாட்சி: ராகு காலம் 1:30 - 3:00ன்னு போட்டிருக்கு. அது வியாழனுக்கு. புதன் 12:00 - 1:30ல்லடா தம்பி

முருகன்: அக்கா!!!

முருகன்: பிரியா எல்லா புதனையும் திற, இது ஒரு ஷீட்டா இல்ல மாஸ்டர்லயே அப்படி இருக்கான்னு பாரு

பிரியா: மாஸ்டர்லதான்ப்பா 😬 52 புதனும்