[கலைச்சொல்] ‘பொய்நிறம்’ வேண்டாம், வேறு சொல் தேவை

அனுப்புநர்: களுவாஞ்சிகுடி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் அடுத்த மாதம் ஒரு விண்வெளிப் படக் கண்காட்சி வைக்கிறோம். படங்களுக்குக் காசு இல்லை. நாசாவின் களஞ்சியங்களில் கிடப்பவை பெரும்பாலும் பதிப்புரிமைக்கு உட்படாதவை. ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஹபிள், வெப் தொலைகாட்டிப் படங்களையும் மூலத்தின் பெயரைப் போட்டு எவரும் பயன்படுத்தலாம். இரண்டு கிழமையாகப் பெடியள் நாலு பேரும் நானும் இரவிரவாக இறக்கிக்கொண்டிருக்கிறோம். படம் தேடுவது லேசாக முடிந்துவிட்டது. படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம்.

தரம் பத்துப் பெடியன் ஒருத்தன் ‘false colour’ என்ற ஆங்கிலக் குறிப்பைக் கைபேசியில் போட்டு மொழிபெயர்த்தான். ‘தவறான நிறம்’ என்று வந்தது. “தவறெண்டா ஏன் சேர் கண்காட்சியில போடுறம்?” என்று கேட்டான். “தவறில்லடா, பொய்நிறம்” என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் உறைத்தது. பேய்க்குப் பிசாசு என்ன குறைச்சல்!

பிரச்சினைப்பட்ட படத்தைச் சொல்கிறேன். சென்டினல்-2 செய்மதி எடுத்த உன்னிச்சைக் குளமும் அதைச் சுற்றிய வயலும். பெரும்போகம், பயிர் நல்ல பச்சையாக நிற்கிற நேரம். படத்தில் வயல் முழுக்க இரத்தச் சிவப்பு, குளம் மை கொட்டின மாதிரிக் கறுப்பு. விறாந்தையில் இருந்த பெரியப்பாவிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். நாற்பது வருசம் அந்த வட்டையில் வேளாண்மை செய்தவர். “என்ன மனே, வட்டை முழுக்கப் பத்தி எரியுது?” என்றார். நன்றாக விளைந்த இடம்தான் அப்படிச் சிவக்கும் என்று சொன்னேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். ஓரத்தில் வெளிறிக் கிடந்த ஒரு துண்டில் விரலை வைத்தார். “அப்ப இது கடைக்கண்டம். வாய்க்கால் தண்ணி அங்க போய்ச் சேரல்ல.”

நான் அவருக்கு அந்த இடத்தைக் காட்டவே இல்லை. அவராகப் படித்தார். வாய்க்காலின் கடைசியில் தண்ணி சேராததை அப்படியே காட்டித்தரும் நிறத்தைப் பொய் என்று எப்படி எழுதுவது?

நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும், இருந்தாலும். நலமான இலை நாம் பார்க்கும் பச்சையைவிடப் பல மடங்கு செங்கீழ்க்கதிரைத் தெறிக்கவிடும். நமது கண்ணுக்கு அது தெரியாது. சென்டினல்-2 அதை 842 நனோமீற்றர் அளவில், தரையில் 10 மீற்றருக்கு ஒரு புள்ளியாகப் பதிவுசெய்கிறது. தண்ணீர் அதே கதிரை விழுங்கிவிடும், அதனால் குளம் கறுப்பு. ஆனால் கணினித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே மூன்றுதான். ஆகவே செங்கீழைச் சிவப்பில் போடுகிறார்கள், சிவப்பைப் பச்சையில், பச்சையை நீலத்தில்.

இதற்கு ஒரு சொல் தாருங்கள். பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும்.

---

அனுப்புநர்: திருக்கோவில்

அண்ணா, ‘மாற்றுநிறம்’ எண்டு போடுங்க, வேலை முடிஞ்சுது. ‘பொய்’ மட்டும் வேணாம். நிலவுக்கு ஒருத்தனும் போகல்ல எண்டு சொல்ற கூட்டம் ஒண்டு இருக்கு. பதாகையைப் படம் எடுத்து, ‘பொய்யெண்டு நாசாவே ஒத்துக்கொண்டது’ எண்டு அடுத்த நாளே வீடியோ போடும்.

---

அனுப்புநர்: மருதமுனை

சலாமும் வணக்கமும்.

வாப்பா காலத்துத் தறி இன்னும் எங்கட வீட்டில கிடக்கு. நூலைச் சாயத்தில முக்கி எடுத்துக் காயப்போட்டா, ஒரே தொட்டிக்குள்ள போன ரெண்டு கட்டு ரெண்டு விதமா வரும். நூல் குடிச்ச அளவு அப்படி. படமும் அதுதானே: வெள்ளை நூல் மாதிரி நிறமில்லாத தரவு வருது, நாம அதுக்குச் சாயம் கொடுக்கிறம். ‘சாயப்படம்’ எண்டு முன்மொழிய வந்தன்.

எழுதிப்போட்டு மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். “வாப்பா, நாசாட சாயம் வெளுத்துப்போச்சு எண்டு சனம் சொல்லும்” எண்டாள். வாபஸ்.

---

அனுப்புநர்: கல்லடி

தம்பி, சொல்லைத் தேட முதல் பொருளைப் பிரியுங்கள். ஒரு சாக்குக்குள் மூன்று விதை நெல்லைப் போட்டுவிட்டுப் பெயர் கேட்கிறீர்கள்.

உன்னிச்சைப் படம் ஒரு வகை. செவ்வாயின் உயர வரைபடம் முற்றிலும் வேறு. மார்ஸ் குளோபல் சேர்வேயர் கலத்தில் இருந்த லேசர் உயரமானி, தரைக்கு ஒளித்துடிப்பை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை அளந்தது. அங்கே நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை, எண்கள் மட்டும்தான். பள்ளத்துக்கு நீலம், மேட்டுக்குச் சிவப்பு, உச்சிக்கு வெள்ளை என்பது மேசையில் இருந்தவர்கள் எடுத்த முடிவு. அந்த வரைபடத்தை வகுப்பில் தொங்கவிட்டிருந்தேன். ஹெலாஸ் பள்ளத்தைக் காட்டி “ரீச்சர், செவ்வாயில கடல்” என்றாள் ஒரு பிள்ளை. அன்று மணி அடித்துவிட்டது. அடுத்த பாடத்தில் திருத்த மறந்துவிட்டேன். இன்றைக்கும் செவ்வாயில் கடல் இருப்பதாக நம்பும் முப்பது பேர் மட்டக்களப்பில் இருப்பார்கள், காரணம் நான்.

மூன்றாவது வகை, உள்ள நிறத்தையே கூட்டிக் காட்டுவது. நிலவின் அமைதிக்கடல் மங்கிய நீலமாகத் தெரிகிற படங்கள் அப்படி. அங்குள்ள எரிமலைப் பாறையில் தைத்தேனியம் அதிகம். அந்த வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத அளவு சிறியது.

இன்னொன்று. மற்றப் படங்களின் கீழே ‘உண்மைநிறம்’ என்று எழுத அவசரப்பட வேண்டாம். 1976 ஜூலை 20 வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. அதன் முதல் நிறப்படம் வெளியானபோது வானம் நீலச் சாயலாக இருந்தது. பிறகு சரிபார்த்துத் திருத்தியபோது வானம் இளஞ்சிவப்பானது. நிறம் சரியா என்று ஒப்பிடுவதற்கென்றே கலத்தின் உடலில் நிற அட்டை ஒட்டி அனுப்பியிருந்தார்கள், அப்படியிருந்தும் முதல் நாள் தடுமாறினார்கள். வானம் என்றால் நீலம் என்று பழகின கண் அல்லவா.

‘மாற்றுநிறம்’ இந்த எல்லாவற்றுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் கலைச்சொல் ஆகாது.

---

அனுப்புநர்: களுவாஞ்சிகுடி

> எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் கலைச்சொல் ஆகாது.

ரீச்சர், குட்டு சரியான இடத்தில் விழுந்தது.

நீங்கள் பிரித்ததில் இரண்டுக்குச் சொல் உடனே வருகிறது. கூட்டிக் காட்டுவது மிகைநிறம். எண்ணுக்கு நிறம் ஒதுக்குவது குறிநிறம். ‘உண்மை’யை விட்டுவிட்டு இயல்நிறம் என்கிறேன். இதில் யாருக்கும் மறுப்பு இராது என்று நினைக்கிறேன்.

உன்னிச்சைப் படத்துக்கு என் முன்மொழிவு: நிறப்பெயர்ப்பு.

மூன்று கதிரையில் (நாற்காலியில்) சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். செங்கீழ் என்ற புது ஆள் வந்து முதற்கதிரையில் இருக்க, எல்லாரும் ஒரு கதிரை அங்கால நகர்கிறார்கள், கடைசியாள் எழும்பவேண்டியதுதான். ஆள் மாறாட்டம் எதுவும் நடக்கவில்லை, வரிசையும் குலையவில்லை, பெயர்ந்திருக்கிறார்கள், அவ்வளவே. இது பெயர்தலின் நேர்ப்பொருள். நமக்குப் படிக்க முடியாததைப் படிக்கக்கூடியதாக ஆக்குவது மொழிபெயர்ப்பிலிருந்து வரும் பொருள். ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கின்றன.

தொலைகாட்டிப் படங்களில் வைத்துப் பார்த்தேன். ஹபிள் 1995இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்தின் ஒளி சிவப்பு, ஐதரசன் பச்சை, ஒட்சிசன் நீலம். நேரில் பார்த்தால் கந்தகமும் ஐதரசனும் இரண்டும் சிவப்புத்தான்: ஏறத்தாழ 673, 656 நனோமீற்றர். ஒட்சிசன் 502. நீண்ட அலை சிவப்பில், குறுகியது நீலத்தில், இடைப்பட்டது நடுவில். வரிசை அப்படியே நிற்கிறது, இடைவெளியைத்தான் அகட்டியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் எது எந்த வாயு என்று பிரித்தறிய வழியில்லை. 2022 ஜூலையில் வெளியான, வெப் எடுத்த கரீனா வாயுமுகில் படம் இன்னும் வேடிக்கை. அதில் நீலமாகத் தெரிவதே 0.9 மைக்ரோமீற்றர் ஒளி. நம் கண் ஏறத்தாழ 0.7இலேயே கைவிட்டுவிடும். அந்தப் படத்தின் நீலம்கூடச் செங்கீழ்!

இன்னொரு நன்மை. ‘பொய்’ என்று கண்டால் வாசிக்கிறவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ‘பெயர்ப்பு’ என்று கண்டால் எதிலிருந்து எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் எழுதாமல் அந்தச் சொல்லை நாமும் பயன்படுத்த முடியாது.

காணொளிப் பகுதிக்கும் இதே வழியில் ஒன்று கிடைக்கிறது. பேர்சியஸ் விண்மீன் பேரடைக் கொத்தின் நடுவில் உள்ள கருந்துளை தன்னைச் சுற்றிய வாயுவில் எழுப்பும் அழுத்த அலைகளைச் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைகாட்டி பதிவுசெய்தது. அதை 57, 58 எண்மங்கள் (ஒக்டேவ்) மேலே தூக்கி, காது கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்து 2022இல் வெளியிட்டார்கள். ‘ஒலிபெயர்ப்பு’ ஏற்கெனவே ஒரு மொழிச் சொல்லை இன்னொரு மொழி எழுத்தில் எழுதுகிற வேலைக்குப் போய்விட்டது, ஆகவே இதைச் ‘சுருதிப்பெயர்ப்பு’ என்கிறேன். பாடுகிறவரின் குரலுக்கு ஏற்பச் சுருதியைக் கூட்டிக் குறைக்கிற வேலைதான்.

---

அனுப்புநர்: திருக்கோவில்

சொல் வடிவு. ரெண்டு குத்து மட்டும்.

ஒண்டு: ‘நிறப்பெயர்’ எண்டா சிவப்பு, மஞ்சள் எண்டு நிறங்களின்ட பெயர். பிள்ளைகள் குழம்பாதுகளா?

மற்றது, வெப்பின்ட மூலக்கோப்பை மாஸ்ட் எண்ட தொலைகாட்டித் தரவுக் களஞ்சியத்தில இருந்து இறக்கித் திறந்தன். முழுக்கக் கறுப்பு. கோப்புப் பழுது எண்டு நினைச்சு மறுகா இறக்கினன், திரும்பவும் கறுப்பு. மாச டேட்டா முடிஞ்சுது. பிறகுதான் விளங்கிச்சு, பழுது ஒண்டும் இல்ல. பிரகாசமான சில புள்ளிகள் உச்சியைப் பிடிச்சிருக்கு, மற்றதெல்லாம் அடிமட்டத்தில கிடக்கு. மங்கலை இழுத்துவிட்டா முகில் எழும்பி வருது. எவ்வளவு இழுக்கிற எண்டதை நானே முடிவு செய்யிறன். அதுக்குப் பிறகுதான் நிறம். ‘பெயர்ப்பு’ எண்டா ஒருத்தரும் கை வைக்கல்ல எண்டு சனம் நினைக்காதா?

---

அனுப்புநர்: கல்லடி

இலக்கணப்படி குறை இல்லை. ‘இடப்பெயர்’ என்றால் ஊரின் பெயர், ‘இடப்பெயர்வு’ என்றால் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டவரை நான் கண்டதில்லை.

ஆனால் அந்த ‘இடப்பெயர்வு’தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நம் பக்கத்தில் ‘பெயர்’ என்ற வினையைக் கேட்டால் கதிரை மாறுவதோ மொழிபெயர்ப்போ முதலில் நினைவுக்கு வராது. அகதி முகாமின் தறப்பாள்தான் வரும்.

---

அனுப்புநர்: திருநெல்வேலி, தமிழ்நாடு

‘நிறப்பெயர்ப்பு’ எங்களுக்கும் சரி. ‘செங்கீழ்’ மட்டும் இங்கே புரியாது, அகச்சிவப்பு என்றுதான் படித்தோம். அடைப்பில் அதையும் போட்டுவிட்டால் பதாகையை இங்கேயும் மாட்டலாம். நிறமா வண்ணமா என்று தொடங்கினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

---

அனுப்புநர்: களுவாஞ்சிகுடி

திருநெல்வேலி நண்பருக்கு: அகச்சிவப்பு சேர்த்தாயிற்று.

ரீச்சர், உங்கள் மடலுக்கு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்களும் தறப்பாளுக்குள் இருந்தவர்கள். கொட்டில்களைப் பிரித்துத் தரும்போது, ஊரில் எந்த ஒழுங்கையில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ அதே வரிசையில்தான் நாங்கள் இருந்தோம். யாரும் சொல்லித் தரவில்லை. கடைக்கொட்டில் கடற்கரையோரக் குடும்பத்துக்கு என்று ஒதுக்கியிருந்தது, அது கடைசிவரை ஆள் இல்லாமல் கிடந்தது. அந்த நினைவு இந்தச் சொல்லில் ஒட்டியிருப்பதை என்னால் கழற்ற முடியாது. கழற்றவேண்டும் என்றும் தோன்றவில்லை. உங்களுக்கு முடியாதென்றால் ஒரு வரி எழுதுங்கள், சொல்லை விட்டுவிடுகிறேன்.

தம்பி, நீ சொன்னது நியாயம். மொழிபெயர்ப்பு நூலில் மொழிபெயர்த்தவரின் பெயரைப் போடுகிறோம் அல்லவா, இங்கும் போடுவோம். மங்கலை இழுத்ததையும் எழுதுவோம். மொழிபெயர்ப்பில் கை இல்லை என்று யாராவது நினைக்கிறார்களா என்ன? நீ எடுத்த கரீனாவின் கீழே உன் பெயர் வரும். டேட்டாக் காசை மட்டும் கேட்காதே.

மருதமுனை நானா, உங்கள் சாயத்தை வீணாக்கவில்லை. ரீச்சரின் செவ்வாய் வரைபடத்துக்கு அந்த உவமைதான்: எண் வெள்ளை நூல், நிறம் வெளியிலிருந்து வந்தது. குறிநிறத்துக்கு விளக்கமாக அதை எடுத்துக்கொள்கிறேன்.

---

அனுப்புநர்: கல்லடி

விட வேண்டாம். போடுங்கள்.

---

அனுப்புநர்: களுவாஞ்சிகுடி

நன்றி ரீச்சர். அச்சுக்குப் போகும் வாசகம் இது:

‘உன்னிச்சைக் குளமும் வயல்களும். சென்டினல்-2. நிறப்பெயர்ப்பு: செங்கீழ் (அகச்சிவப்பு) சிவப்பாக, சிவப்பு பச்சையாக, பச்சை நீலமாக.’

நேற்றுப் பின்னேரம் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

“அப்ப நீலம் எங்க போன?”

‘நீலம் சேர்க்கப்படவில்லை’ என்று கடைசியில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்.